அம்மா கழுவிய ஸ்பாஞ்ச்

வீடு மாறப் போகிறோம் என்றதும் பேக்கர்ஸ் ஆள் ஒருவர் வந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்துக் குறித்துக்கொண்டார். பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், தையல் மெஷின். ஹாலுக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டார்.

"இதை மட்டும் நீங்களே பார்த்துக்குங்க சார். உயிர் இருக்கிற சாமானெல்லாம் நாங்க ஏத்தறதில்ல."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மீன் தொட்டிக்கு 'உயிர் இருக்கிற சாமான்' என்று பெயர் வந்துவிட்டது. மூன்றடி நீளம், பதினைந்து அங்குல அகலம், ஒன்றரை அடி உயரம். 8 மில்லிமீட்டர் கண்ணாடி. ஏழு வருடமாக கொளத்தூர் வீட்டு ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே இரண்டு ஏஞ்சல், ஆறு விடோ டெட்ரா, நான்கு கோரி, பிறகு ஆபீசர். ஆபீசர் என்பது சக்கர் மீன். வாங்கும்போது இரண்டு அங்குலம், இப்போது பதினொன்று. பகல் முழுக்க மரக்கட்டைக்கு அடியில் அசையாமல் கிடப்பான், எல்லாரும் தூங்கிய பிறகு ரவுண்ட்ஸ் வருவான். அதனால் மகள் வைத்த பெயர் அது.

மனைவிக்கு தாம்பரம் பக்கம் மாற்றல். மகளுக்குப் பள்ளி ஜூனில் திறக்கிறது. வைகாசி முடிவதற்குள் போய்விட வேண்டும், ஆனியில் புது வீட்டில் பால் காய்ச்சக்கூடாது என்று அம்மா திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார். ஆக கத்திரி முடிந்து ஒரு வாரத்தில், ஜூன் முதல் ஞாயிறு. மீனை இடம் மாற்ற வருடத்தில் இதைவிட மோசமான நாள் கிடையாது. 20 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும் என்றால் 32 டிகிரியில் ஏழு சொச்சம்தான். ஆனால் பஞ்சாங்கத்தில் மீனுக்குத் தனிப் பக்கம் கிடையாதே.

"வித்துடேன்", "யாருக்காவது கொடுத்துடு" என்று சொன்னவர்கள் நிறையப் பேர். அலுவலகத்தில் ஒருவர் இன்னும் சுலபமான வழி சொன்னார்: "பெரிய மீனை ரெட்டேரியில விட்டுடுங்க, பிழைச்சுக்கும்." பிழைத்துக்கொள்ளும், அதுதான் பிரச்சினை. தென் அமெரிக்க மீன் அது. எலும்புத் தகடு போர்த்திய உடம்பு என்பதால் நம் ஊர் மீன்கள் அதைச் சுலபத்தில் விழுங்காது. கரையில் பள்ளம் தோண்டி முட்டையிடும், சாக்கடைத் தண்ணீரிலும் மேலே வந்து காற்றை விழுங்கி உயிரோடிருக்கும். இப்படி இரக்கப்பட்டு ஏரியில் விடப்பட்ட சக்கர்கள்தான் இன்று தமிழ்நாட்டு ஏரிகளில் வலை போடுகிறவர்களின் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கின்றன. ஆபீசரை வளர்க்க முடியாவிட்டால் கடையில் திருப்பிக் கொடுப்பேனே தவிர ஏரியில் விடமாட்டேன் என்று அவரிடம் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பாவம், அவர் டீ குடிக்க வந்தவர்.

விற்க மனமில்லாததற்கு வேறு காரணமும் உண்டு. நான் சின்னப் பையனாக இருந்தபோது அப்பா சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட்டிலிருந்து ஒரு தங்கமீனை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு பஸ்ஸில் எடுத்து வந்தார். மூடியில் ஆணியால் அடித்த மூன்று ஓட்டை. அந்த மீன் எட்டு நாள் இருந்தது. 1985-ல் மூர் மார்க்கெட் எரிந்தபோது எனக்கு ஏழு வயது. புத்தகக் கடைகள் போனதே என்று ஊரே வருந்தியது. நான் கேட்டது அங்கிருந்த மீன்கள் என்ன ஆயின என்று. அப்பா பதில் சொல்லவில்லை. சரி, இது பெரிய கதை, விடுங்கள்.

புது வீடு சேலையூரில், தரைத்தளம். வீட்டுக்காரர் மீன் தொட்டி என்றதும் நெற்றியைச் சுருக்கினார். எவ்வளவு கனம் இருக்கும் என்றார். கணக்கு எழுதும் வேலை பார்க்கிறவன் நான், இதில் மட்டும் அசரமாட்டேன். வெறும் கண்ணாடி 30 கிலோ. 150 லிட்டர் தண்ணீர் என்றால் 150 கிலோ. கல், மரக்கட்டை, ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து 225 கிலோ வரும் என்றேன். அவர் முகம் இன்னும் இருண்டது. "மூணு பேர் சோபாவுல உட்கார்ந்தா அதே கனம்தான் சார்" என்றாள் மனைவி. அதன் பிறகுதான் தலையாட்டினார். கணக்கை எப்படிச் சொல்வது என்பதை அவளிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அம்மாவுக்கு வடகிழக்கு மூலையில் வைக்க வேண்டும். வடகிழக்கு மூலையில் ஜன்னல் இருந்தது, காலை வெயில் நேராக விழும். அங்கே வைத்தால் இரண்டு மாதத்தில் தொட்டி பச்சைக் கஷாயமாகிவிடும் என்று நான் சொல்ல, ஈசானியத்தில் தண்ணீர் இருந்தால் பணம் வரும் என்று அம்மா சொல்ல, கடைசியில் வடக்குச் சுவரில், ஜன்னல் வெயில் எட்டாத இடத்தில் வைப்பது என்று ஒப்பந்தமானது. வடக்கு குபேரன் திசையாம். குபேரனுக்கு நன்றி.

கொளத்தூரில் இருந்துகொண்டு மீனைப் பற்றி யோசனை கேட்க ஆள் தேட வேண்டியதில்லை. தெருவுக்குத் தெரு மீன் கடை. வண்ண மீன் என்றால் தமிழ்நாட்டில் வேறு எந்த ஊர்ப் பெயரும் முதலில் வாயில் வராது. இங்கிருந்து தெர்மாகோல் பெட்டிகளில் வெளியூருக்குத் தினமும் மீன் போகிறது. எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி நான் வழக்கமாக வாங்கும் கடை. அந்த அண்ணன் பேச்சு எப்போதும் தண்ணீரிலிருந்துதான் தொடங்கும்.

"தம்பி, மீனை மாத்தறது ஒரு வேலையே இல்ல. நான் தினம் ஐந்நூறு மீனை மாத்தறேன். நீங்க மாத்த வேண்டியது ஃபில்டரை."

"அதுவும் வருதுண்ணே."

"ஃபில்டர் பொட்டியை சொல்லல. உள்ள இருக்கற அழுக்கை சொல்றேன். அதுதான் உங்க தொட்டி. மத்ததெல்லாம் கண்ணாடியும் தண்ணியும்."

அவர் சொன்னதன் அர்த்தம் எனக்குத் தெரியும், ஏழு வருடமாகப் படித்ததுதான். மீன் மூச்சு விடும்போதே செவுள் வழியாக அம்மோனியா வெளியேறுகிறது. கழிவும் மிச்சத் தீவனமும் அழுகினால் இன்னும் அம்மோனியா. அதை ஒரு கூட்டம் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றுகிறது, இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக. முதல் இரண்டும் மீனைக் கொல்லும், மூன்றாவது கொஞ்சம் பொறுக்கும். வாராவாரம் தண்ணீர் மாற்றினால் அதுவும் போய்விடும். இந்த நைட்ரோசோமோனாஸ், நைட்ரோஸ்பைரா கூட்டம் தண்ணீரில் அவ்வளவாக மிதப்பதில்லை. ஸ்பாஞ்சிலும் கல்லிலும் வழவழப்பாக ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. புதிதாக உருவாக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். காய்ந்தால் சாகும், குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின் பட்டால் சாகும், மூடிய டப்பாவில் காற்றில்லாமல் பல மணி நேரம் கிடந்தாலும் வலுவிழக்கும். நம் கண்ணுக்கு அது பழுப்பு நிற அசிங்கம்.

இவ்வளவும் தெரிந்த நான் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. அதுதான் என் தப்பு.

வியாழக்கிழமை இரவோடு தீவனத்தை நிறுத்தினேன். இரண்டு நாள் சாப்பிடாவிட்டால் இந்த மீன்களுக்கு ஒன்றும் ஆகாது. வயிறு காலியாக இருந்தால் கவருக்குள் கழிவு குறையும். மகள்தான் வெள்ளி முழுக்க என்னைக் குற்றவாளியாகப் பார்த்தாள். தண்ணீர் கேன் போடும் தம்பியிடம் ஆறு காலி கேன் வாங்கி வைத்தேன். நாலு கேனில் தொட்டித் தண்ணீர், இரண்டு கேனில் கொளத்தூர் மெட்ரோ தண்ணீர், குளோரினை முறிக்க மருந்து போட்டது. காரணம் இருக்கிறது. சேலையூர் வீட்டில் போர் தண்ணீர். முன்கூட்டியே ஒரு பாட்டிலில் பிடித்து வந்து, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பார்த்தால் 1150. கொளத்தூர் குழாயில் 380. ஒரே நாளில் இந்த ஏற்றத்தை ஏஞ்சல் மீனால் தாங்க முடியாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பழக்க வேண்டும். பழைய தண்ணீரில் பாக்டீரியா இருக்கிறது என்று நினைத்துத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு, நான் தூக்கியது உப்புக் கணக்குக்காக.

சனிக்கிழமை இரவு ஃபில்டரைக் கழற்றி, அதன் இரண்டு ஸ்பாஞ்சையும் ஒரு வாளியில் தொட்டித் தண்ணீரில் போட்டு, சின்ன ஏர் பம்ப் ஒன்றை ஓடவிட்டு, பால்கனியில் வைத்துவிட்டு லாரிக்காரரோடு பேசக் கீழே போனேன்.

ஞாயிறு காலை ஐந்தரைக்கு எழுந்து மீன் பிடிக்க ஆரம்பித்தோம். தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும்போது வலை போட்டால் மீனுக்கும் நமக்கும் மூச்சு வாங்கும். மரக்கட்டையை எடுத்துவிட்டு, நாலு அங்குலம் மட்டும் இருக்கும்வரை தண்ணீரை ட்யூபால் கேனில் இறக்கினேன். பிறகு இரண்டு வலையால் பத்து நிமிடத்தில் எல்லாம் வந்துவிட்டன. ஆபீசரை வலையில் பிடிக்கக்கூடாது. பக்கத் துடுப்பு முள்ளை விரித்துக்கொண்டால் வலையை வெட்டித்தான் எடுக்க வேண்டும். நிதானமாக மூலைக்கு ஓட்டி ஒரு பெரிய டப்பாவால் தண்ணீரோடு அள்ளினேன். அது அம்மாவின் இட்லி மாவு டப்பா என்பது அள்ளிய பிறகுதான் தெரிந்தது. அவர் இன்றுவரை அதில் மாவு ஊற்றவில்லை.

ஆபீசர் மூடி போட்ட இருபது லிட்டர் வாளியில். கவரில் போட்டால் முள்ளால் குத்திக் கிழித்துவிடுவான். மற்றவை கவரில், மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். கடை அண்ணன் எனக்காக ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கே ஷட்டரைத் தூக்கினார். சிலிண்டரிலிருந்து ஆக்சிஜன் அடித்து, கவர் மேளம்போல விறைக்கும்வரை நிரப்பி, ரப்பர் பேண்டை நாலு சுற்றுச் சுற்றினார். ஏஞ்சலுக்கு மட்டும் ஆளுக்கொரு கவர். எல்லாம் ஒரு தெர்மாகோல் பெட்டிக்குள், வெளிச்சம் படாமல். இருட்டில் மீன் அடங்கிக் கிடக்கும், ஆக்சிஜனும் குறைவாகச் செலவாகும். காசு கொடுத்தபோது பெட்டிக்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.

தொட்டிக்கு வந்தது டாடா ஏஸ், அதாவது குட்டி யானை. தொட்டியில் ஒரு கைப்பிடி தண்ணீர்கூட இருக்கக்கூடாது. தண்ணீரோடு தூக்கினால் சிலிகோன் ஒட்டு அன்றைக்கே விடாது, ஆறு மாதம் கழித்து நடுராத்திரியில் விடும். நானும் மச்சானும் அடியில் கை கொடுத்து இரண்டு மாடி இறக்கினோம். மெத்தை மேல் நிமிர்த்தி வைத்து, நாலு பக்கமும் தலையணை. டிரைவர் தம்பி பார்த்துவிட்டு, "என்ன சார், கல்யாணப் பொண்ணா?" என்றார்.

மீன் பெட்டி மட்டும் எங்களோடு காரில், ஏசியில். பின் சீட்டில் அம்மாவுக்கும் மகளுக்கும் நடுவில். ரெட்டேரி ஜங்ஷனிலிருந்து பாடி, திருமங்கலம், கோயம்பேடு வழியாக நூறடி ரோடு. மெட்ரோ வேலைக்காக அடைத்திருந்த இடமெல்லாம் வண்டி நின்று நின்று போனது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் அம்மா "முருகா" என்றார். கத்திப்பாரா ஏறி இறங்கியதும் மகள் பெட்டி மூடியைத் திறந்து பார்க்கலாமா என்று ஏழாவது முறை கேட்டாள். ஜிஎஸ்டி ரோட்டில் பல்லாவரம் தாண்டும்போது வாளியிலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். ஆபீசர் இருக்கிறான் என்று எல்லாருக்கும் ஒரு நிம்மதி. ஒன்றே முக்கால் மணி நேரம்.

புது வீட்டில் முதலில் ஸ்டாண்டைப் போட்டு ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். தரை பாத்ரூம் பக்கம் சரிந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாது, மூன்றடிக்குக் கால் அங்குலம். ஆனால் தண்ணீர் ஊற்றினால் ஒரு பக்கம் கனம் அதிகமாகும். ஸ்டாண்டின் இரண்டு காலுக்கு அடியில் ரப்பர் ஷீட் வெட்டி வைத்துச் சமன் செய்தேன். மேலே பிளைவுட், அதன்மேல் தெர்மாகோல் ஷீட், அதன்மேல் தொட்டி. பழைய தண்ணீர் நாலு கேன், மெட்ரோ தண்ணீர் இரண்டு கேன், போர் தண்ணீர் ஒன்றரை வாளி. மீட்டர் 570 காட்டியது. கணக்குப் போட்டபடியே வந்ததில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை வீட்டில் யாரும் பகிர்ந்துகொள்ளவில்லை. அவர்கள் காஸ் கனெக்‌ஷனைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கவர்களைக் கட்டியபடியே இருபது நிமிடம் மிதக்கவிட்டேன். சூடு சமமாவதற்கு. சிலர் கவரைத் திறந்து வைத்துவிட்டு மணிக்கணக்கில் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். நீண்ட பயணம் என்றால் அது ஆபத்து. மூடிய கவருக்குள் மீன் விட்ட கரியமிலவாயுவால் தண்ணீர் புளிப்பாகி, சேர்ந்திருக்கும் அம்மோனியா விஷமில்லாத வடிவில் அடங்கிக் கிடக்கும். திறந்ததும் வாயு பறந்து பிஎச் ஏறும், அதாவது புளிப்பு குறையும், அடங்கியது விஷமாக எழும். நம்முடையது இரண்டு மணி நேரப் பயணம்தான், ஆனாலும் இழுக்கவில்லை. மூன்று நாலு தடவையாகத் தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சம் கலந்துவிட்டு, கால் மணி நேரத்தில் மீனை மட்டும் வலையில் எடுத்து விட்டேன். கவர்த் தண்ணீர் வாசல் செடிக்கு.

பதின்மூன்றும் உயிரோடு. அன்றிரவு பிரித்த அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஹோட்டல் இட்லி சாப்பிட்டுக்கொண்டு, அலுவலக நண்பருக்குப் போட்டோ அனுப்பினேன். கொஞ்சம் திமிரோடுதான்.

புதன்கிழமை காலை இரண்டு டெட்ரா தொட்டியின் அடியில் செத்துக் கிடந்தன. மற்றவை மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. தண்ணீர் சோதிக்கும் கிட்டை எடுத்துப் பார்த்தேன். மஞ்சளாக இருக்க வேண்டிய சோதனைக் குழாய் பச்சையாகிவிட்டது. அட்டையோடு ஒப்பிட்டால் அம்மோனியா லிட்டருக்கு 1 மில்லிகிராம். ஏழு வருடத்தில் அந்தப் பச்சையை நான் பார்த்ததில்லை.

ஃபில்டர் நின்றுவிட்டதோ என்று மூடியைத் திறந்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது. உள்ளே ஸ்பாஞ்ச் நீலமாக இருந்தது. பளிச்சென்று, பள்ளிக்கூட யூனிஃபார்ம் நீலம். ஏழு வருடத்துக்கு முன் அதை வாங்கியபோது நீலம்தான் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

"அம்மா, இந்த ஸ்பாஞ்ச்..."

"ஆமாம்டா, சனிக்கிழமை ராத்திரி நான்தான் கழுவினேன். எவ்வளவு அழுக்குங்கிற! ஒன்பது தண்ணி ஊத்தினேன். புது வீட்டுக்கு அந்தக் கருமத்தையா எடுத்துட்டுப் போறது? சோப்பெல்லாம் போடல, பயப்படாதே. நல்லா பிழிஞ்சு கொடியில காயப் போட்டு, விடியற்காலையில நானே உள்ள வெச்சேன்."

நான் ஒன்றும் பேசவில்லை. ஒன்பது தண்ணீர், மெட்ரோ குழாய், ஜூன் மாதக் காற்றில் கொடியில். அம்மாவின் முழங்கால் வலிக்கு நடுவே அந்த நேரத்தில் உட்கார்ந்து கழுவியிருக்கிறார். நானும் யோக்கியன் இல்லை. ஞாயிறு காலை சேறு வருகிறதே என்று கல்லை மொத்தமாகக் குழாயடியில் அலசிச் சாக்கில் கட்டியது நான்தான். ஸ்பாஞ்ச் இருக்கிறதே என்ற தைரியத்தில். ஆக, ஏழு வருடத்துத் தொட்டியை எடுத்து வந்தோம் என்று நினைத்து, ஆறு நாள் வயதுகூட ஆகாத தொட்டியில் மீனை விட்டிருக்கிறோம்.

தண்ணீர் மாற்றலாம். ஆனால் போர் தண்ணீர் பிஎச் 8. அதே அளவு அம்மோனியா பிஎச் 7-ல் இருப்பதைவிட 8-ல் சுமார் பத்து மடங்கு கடுமை. அதையே ஊற்றினால் அம்மோனியா குறையும், மிஞ்சியது இன்னும் கொல்லும். கேன் தண்ணீர் வாங்கிப் பாதிக்குப் பாதி கலந்து தினமும் 40 லிட்டர் மாற்ற முடிவு செய்தேன். அந்தப் பக்கத்துக் கேன் தம்பி மூன்றாவது நாள் கேட்டார், "வீட்ல விசேஷமா சார்?" நைட்ரைட் ஏறும்போது செவுளைக் காப்பாற்ற ஒரு கைப்பிடி கல் உப்பு கரைத்து ஊற்றினேன். அதற்கு மேல் போட்டால் கோரிக்கு ஆகாது. தீவனம் நிறுத்தம். பிறகு கடை அண்ணனுக்கு போன்.

முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "அம்மாவைத் திட்டிடாதீங்க தம்பி. எங்க வீட்லயும் நடந்திருக்கு. நீங்க கிளம்பி வாங்க, என் தொட்டியிலிருந்து ஒரு ஸ்பாஞ்ச் தரேன்."

அரை நாள் லீவு போட்டுக்கொண்டு போனேன். அவர் ஏஞ்சல் தொட்டி ஃபில்டரிலிருந்து ஒரு ஸ்பாஞ்சை எடுத்தார். கரும்பழுப்பு, கையில் எடுத்தால் வழுக்கியது. மழை பெய்து முடிந்த மண் வாசனை. நோய் வந்த தொட்டியிலிருந்து எடுத்தால் நோயும் கூடவே வரும், இது சுத்தமான தொட்டி என்று மீனையெல்லாம் எனக்குக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தார். தண்ணீரில் முழுக்க மூழ்கடிக்க வேண்டாம், ஈரமாக இருந்தால் போதும், காற்று வேண்டும் என்றார். என்னிடம் இருந்தது காலி சாப்பாட்டு டப்பா. அதில் வைத்து மூடியைப் பாதி திறந்தபடி வில்லிவாக்கத்தில் ரயில் ஏறினேன்.

அந்த ரயில் கொண்டுபோய் விடும் நிலையத்துக்குப் பெயர் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ். எரிந்துபோன மார்க்கெட் இருந்த இடத்தில்தான் இன்று புறநகர் ரயில் வந்து நிற்கிறது. பல வருடம் அந்த வழியாகப் போய்வந்தும் ஒருநாளும் எதுவும் தோன்றியதில்லை. அன்றைக்கு மடியில் அழுக்கு ஸ்பாஞ்சோடு இறங்கும்போது, ஹார்லிக்ஸ் பாட்டில் மீன் ஏன் எட்டே நாளில் செத்தது என்று புரிந்தது. பாட்டிலில் இருந்த தண்ணீரை அப்பா தினமும் கொட்டிவிட்டு, பாட்டிலைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, குழாயிலிருந்து புதுத் தண்ணீர் பிடிப்பார். அவ்வளவு அக்கறை. சுரங்கப்பாதையில் இறங்கி பார்க் ஸ்டேஷன் வந்து தாம்பரம் வண்டியைப் பிடித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் டப்பாவைப் பார்த்து, மூக்கை உறிஞ்சி, "கருவாடா?" என்றார். ஆமாம் என்றேன். விளக்க எனக்குத் தெம்பில்லை.

அன்றிரவே ஸ்பாஞ்ச் ஃபில்டருக்குள் போனது. மறுநாள் பச்சை கொஞ்சம் வெளுத்தது. வெள்ளிக்கிழமை பெரிய ஏஞ்சல் செத்துப்போனது. மகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் வாசலில் செம்பருத்திக்கு அடியில் புதைத்தோம். அம்மாதான் மண்ணைத் தள்ளினார். அன்று முழுக்க அவர் தொட்டி இருந்த பக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு சாவு இல்லை. இரண்டாவது ஞாயிறு அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் மட்டும் லேசான ஊதா. நாலாவது வாரம் இரண்டும் இல்லை. கேன் தண்ணீரை நிறுத்திவிட்டு, வாரம் 15 லிட்டராகப் போர் தண்ணீருக்கே பழக்கி வருகிறேன். மீட்டர் இப்போது 800. மிஞ்சிய ஏஞ்சல் வெளிச்சம் போட்டால் முன்னே வருகிறது. டெட்ரா இன்னும் இரண்டு வாங்க வேண்டும், அவசரமில்லை.

பழைய வீட்டுக்காரர் அட்வான்ஸில் 3000 பிடித்துக்கொண்டார். தொட்டி இருந்த இடத்துச் சுவரில் மூன்றடிக்குப் புதுப் பெயின்ட் மாதிரி ஒரு சதுரம், மற்ற இடமெல்லாம் மங்கல். எது கறை என்று அவரிடம் வாதாட முடியவில்லை.

போன ஞாயிறு நான் தூங்கி எழுவதற்குள் பின்கட்டிலிருந்து சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் அம்மா முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே வாளி. நெஞ்சு ஒரு நிமிடம் நின்றது. "தொட்டித் தண்ணிடா, குழாய்த் தண்ணி இல்ல" என்றார் திரும்பாமலே. மகள் ட்யூப் போட்டு எடுத்துக் கொடுத்தாளாம். ஸ்பாஞ்சை ஒரு தடவை பிழிந்தார். இன்னொரு தடவை பிழிந்தார். தண்ணீர் இன்னும் கலங்கலாகத்தான் வந்தது. மூன்றாவது தடவைக்குக் கை தானாகப் போனது, நின்றது.

"போதுமாடா?"

"போதும்மா."

"இன்னும் அழுக்கா இருக்கே" என்று சொல்லிக்கொண்டே ஸ்பாஞ்சை என்னிடம் கொடுத்துவிட்டு, வாளித் தண்ணீரைக் கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றினார்.